வெளுத்துப்போகும் சிவப்பு: சிவகாசி வெயிலில் வினைலை எப்படிப் பார்த்து வாங்குவது

புகைபிடிக்கக் கூடாது என்று சொல்லும் பலகையை நினைத்துப் பாருங்கள். வெள்ளைப் பின்னணி, நடுவில் கறுப்பில் ஒரு சிகரெட், அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம், குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. இதையே மட்டமான வினைலில் வெட்டி, மேற்குப் பார்த்த சுவரில் ஒட்டி, சில கோடைகள் விட்டுவிட்டால் சிவப்பு முதலில் ஆரஞ்சாகும். அப்புறம் ரோஸ். அப்புறம் வட்டம் இருந்த தடம்தான் இருக்கும். கறுப்பு மட்டும் ஒட்டிய அன்று போலவே நிற்கும். ஊருக்குப் புதிதாக லோடு ஏற்ற வந்த டிரைவர் அண்ணாந்து பார்த்தால் தெரிவது ஒரு சிகரெட் படம், அவ்வளவுதான். இங்கே நின்று பிடிக்கலாம் போல என்று அவர் நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

வேறு ஊரில் இது அசட்டை. சிவகாசியிலும் சாத்தூரிலும் வெம்பக்கோட்டையிலும் இது ஆபத்து.

அதனால்தான் போர்டு, ஸ்டிக்கர் வேலைக்கு வாங்குகிற வினைல் ரோலின் தரத்தைப் பற்றி இந்த ஊரில் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது. எந்த பிராண்ட் நல்லது, எது மட்டம், எதை நம்பலாம் என்ற பேச்சு எல்லா ஊர் ஸ்டிக்கர் கடைகளிலும் நடக்கிறதுதான். சிவகாசிக்கு அதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. இந்த ஊருக்கு அச்சுத் தெரியும், மை தெரியும், காகிதம் தெரியும். 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும் என்பதற்காகவே லித்தோ அச்சகங்கள் வந்தன. அதிலிருந்து காலண்டர், டைரி, பட்டாசுப் பெட்டி என்று வளர்ந்து ஆஃப்செட்டில் நாடே தேடி வரும் ஊராகிவிட்டது. குட்டி ஜப்பான் என்று நேரு சொன்னதாகச் சொல்லிச் சொல்லியே மூன்று தலைமுறை வளர்ந்துவிட்டது.

ஆனால் இந்த ஊர் அச்சிடும் எதற்கும் ஆயுசு அதிகமில்லை. பட்டாசுப் பெட்டியின் லேபிள் தீபாவளி வரை பளபளத்தால் போதும். ஆடிப்பெருக்கு அன்று ஆல்பம் வெளியாகும் காலண்டருக்கு அடுத்த டிசம்பர் வரை வேலை, அதுவும் வீட்டுக்குள், ஆணியில் தொங்கியபடி. கோவில்பட்டி கொண்டையராஜு வரைந்த சாமிப் படங்கள் இங்கே அச்சாகிக் கோடி வீடுகளின் சுவரில் சிரித்தன. அவை வெயிலில் நின்றதில்லை. போர்டு அப்படியில்லை. ஒட்டிய நாளிலிருந்து மூன்று வருஷம், ஐந்து வருஷம் வெட்டவெளியில் நிற்க வேண்டும். அச்சுக் கண் வேறு, போர்டுக் கண் வேறு. தாளை விரலால் தடவியே எத்தனை ஜிஎஸ்எம் என்று சொல்லிவிடும் அச்சகத்துக்காரர்கூட வினைலைத் தொட்டுப் பார்த்துவிட்டு "பளபளன்னு நல்லாத்தானே இருக்கு" என்று ஏமாறுவது இந்த இடத்தில்தான். பளபளப்பு முதல் நாள் குணம். ஆயிரமாவது நாள் குணத்தை அது காட்டாது.

தென்மாவட்டங்களில் வினைலுக்கு வினைல் என்ற பெயர் பரவலாக வந்ததே சமீபத்தில்தான். இன்றும் வண்டி நம்பர் எழுதும் கடையில் "ரேடியம் ஸ்டிக்கர்" என்றால்தான் புரியும். அதில் ரேடியம் துளியும் கிடையாது. 1898-ல் கியூரி தம்பதி கண்டுபிடித்த அந்த உலோகத்தைப் பிற்பாடு கடிகார முள்ளில் பூசி இருட்டில் ஒளிரவைத்தார்கள். அந்த ஞாபகத்தில், இரவில் லைட் பட்டால் மின்னும் ஸ்டிக்கருக்கும் ரேடியம் என்று பெயர் ஒட்டியிருக்க வேண்டும். பிறகு மின்னுவது, மின்னாதது எல்லாமே ரேடியம் ஆகிவிட்டது. மின்னும் ரகத்தில் இருப்பது கண்ணாடி மணிகள், அல்லது மிக நுண்ணிய பட்டகங்கள். வந்த வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும். 3எம் நிறுவனத்தின் ஸ்காட்ச்லைட் 1930-களின் கடைசியில் சாலைப் பலகைகளுக்கு வந்தது அப்படித்தான்.

பெயர் குழம்பியதால் வாங்குவதும் குழம்பிப்போயிற்று. கடையில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் இவ்வளவுதான்:

"அண்ணாச்சி, இது எந்தக் கம்பெனி?"

"இம்போர்ட்டட்தான். போடுங்க, மூணு வருஷம் ஒண்ணும் ஆகாது."

"போன தடவை போட்டது ஒரே வருஷத்துல ஓரம் தூக்கிருச்சே."

"அது லோக்கல் சரக்கு. இது வேற."

இந்தப் பேச்சில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுகூட வரவில்லை. கம்பெனிப் பெயர் வேண்டியதுதான், ஆனால் அது பாதி விலாசம். ஒரே கம்பெனி மூன்று நான்கு தரத்தில் வினைல் செய்கிறது. ஜெர்மனியின் ஒராஃபோல், பெர்லினுக்கு வடக்கே ஒரானியன்பர்க் என்ற ஊரில் இருக்கிறது. கிழக்கு ஜெர்மனி இருந்த காலத்தில் அது அரசு ஆலை. இன்று அதன் ஒராகல் வினைலை உலகம் முழுக்க வெட்டுகிறார்கள். ஒராகல் 651 என்பது 63 மைக்ரான் தடிமன் கொண்ட, உருளையில் தட்டையாக்கிய நடுத்தர ரகம். 951 என்பது 50 மைக்ரான், ஊற்றிச் செய்த உயர் ரகம். இரண்டின் பேக் பேப்பரிலும் ஒராகல் என்றுதான் இருக்கும். 3எம்-மின் பிரிண்ட் வினைலில் ஐஜே180 ஊற்றிச் செய்தது, ஐஜே35 உருட்டிச் செய்தது. ஏவரி டென்னிசனில் எம்பிஐ 1005 ஒரு ஜாதி, எம்பிஐ 3000 வேறு ஜாதி. "3எம் போட்டிருக்கேன்" என்று ஒருவர் சொன்னால், எந்த நம்பர் என்று அடுத்த மூச்சிலேயே கேட்க வேண்டும்.

ஊற்றுவது, உருட்டுவது என்ற இந்த வித்தியாசத்தை சமையலறையை வைத்தே புரிந்துகொள்ளலாம். உருட்டிய ரகம் அப்பளம் மாதிரி. பிவிசியை மாவாகப் பிசைந்து, சூடான உருளைகளுக்கு நடுவே அழுத்தி அழுத்தித் தட்டையாக்குகிறார்கள். கேலண்டர்டு என்பது இதற்குத்தான் பெயர். ஊற்றிய ரகம் கூழ்வற்றல் மாதிரி. கரைசலாக்கிய பிவிசியை வழவழப்பான தாளின் மேல் மெல்லிசாகப் பரப்பி, அடுப்பில் கரைப்பான் ஆவியாகும்வரை உலர்த்துவார்கள். இதுதான் காஸ்ட். அழுத்தி இழுத்த பொருளுக்குத் திரும்பிச் சுருங்கும் ஆசை உள்ளுக்குள் இருந்துகொண்டே இருக்கும். வெயில் பட்டதும் அந்த ஆசை வெளிப்படும். இழுக்காமல் ஊற்றி உலர்த்தியதற்கு அந்தத் தொந்தரவு மிகக் குறைவு. ஓரம் சுருங்கி, எழுத்தைச் சுற்றிக் கறுப்பாகக் கம் கோடு தெரியும் போர்டுகளைச் சிவகாசி-சாத்தூர் சாலையில் எத்தனை வேண்டுமானாலும் பார்க்கலாம். எழுத்து உள்வாங்கிவிட்டது, கம் இருந்த இடத்திலேயே நிற்கிறது, அதில் தூசி அப்பியிருக்கிறது. பட்டை பட்டையாக ஒட்டிய பெரிய படங்களில் இரண்டு பட்டைக்கு நடுவே வெள்ளைக் கோடு விழுவதும் இதே காரணத்தால்தான்.

தடிமனாக இருந்தால் நல்லது என்று ஒரு நம்பிக்கை பரவலாக உண்டு. தார்ப்பாய்க்குச் சரி. வினைலில் 50 மைக்ரான் காஸ்ட், 100 மைக்ரான் மட்ட ரகத்தைவிடப் பல வருஷம் கூடுதலாக நிற்கும். கைக்கு மெல்லிசாக இருக்கிறதே என்று அதை ஒதுக்குபவர்கள் இழக்கிறார்கள்.

உருட்டிய ரகத்திலேயும் இரண்டு உண்டு. பிவிசி இயல்பில் விறைப்பான பொருள். பி.எஃப். குட்ரிச் நிறுவனத்தில் வேலை பார்த்த வால்டோ செமன் 1926-ல் அதை இளக்கும் வழியைக் கண்டுபிடித்த பிறகுதான் வளையும் வினைல் பிறந்தது. அந்த இளக்கியில் சின்ன மூலக்கூறு போட்டால் விலை குறைவு. ஆனால் அது மெல்ல மெல்லப் படலத்திலிருந்து நழுவி மேலே ஆவியாகும், கீழே கம்மில் இறங்கும். படலம் விறைத்துப்போய் விரல் நகம் பட்டாலே நொறுங்கும், கம் கொழகொழத்துவிடும். இது மோனோமெரிக். நீளமான மூலக்கூறு போட்டால் அது படலத்துக்குள்ளேயே சிக்கிக் கிடக்கும். இது பாலிமெரிக். சந்தையில் மலிவாகப் புழங்கும் ரோல்கள் பெரும்பாலும் முதல் ரகம். கடை திறப்பு விழா, தீபாவளி சீசன் போர்டு, கல்யாணக் கார் இதற்கெல்லாம் அது தாராளமாகப் போதும், அதில் குற்றமில்லை. ஐப்பசிக்கு ஒட்டிக் கார்த்திகையில் உரிக்கப் போகும் விலைப் பட்டியலுக்குக் காஸ்ட் வினைல் வாங்குவது காசை வீணாக்குவது. அந்தச் சீசன் ரோலில் மிஞ்சியதை எடுத்து, ஐந்து வருஷம் நிற்க வேண்டிய எச்சரிக்கைப் பலகைக்கு ஒட்டும்போதுதான் தப்பு தொடங்குகிறது.

நல்ல கம்பெனிகள் ஒவ்வொரு ரகத்துக்கும் விவரத்தாள் தருகின்றன. அதில் ஆயுள் எத்தனை வருஷம் என்று போட்டிருக்கும். பொடி எழுத்தில் கீழே உள்ளதையும் படிக்க வேண்டும். மத்திய ஐரோப்பியத் தட்பவெப்பத்தில், செங்குத்தாக நிற்கும் பரப்பில் என்பது அங்கே எழுதப்படும் நிபந்தனை. ஒரானியன்பர்க் இருப்பது 52 டிகிரி வட அட்சத்துக்கும் மேலே. சிவகாசி 9 டிகிரியில். சித்திரை முதல் தேதியை ஒட்டியும் ஆகஸ்ட் கடைசியிலும் இங்கே உச்சிவெயில் உண்மையாகவே உச்சந்தலைக்கு நேராக இறங்கும். மழை குறைவு, காற்று வறண்டது, அதனால்தான் தீப்பெட்டியும் பட்டாசும் இந்த மண்ணில் வேர்விட்டன. தீக்குச்சிக்கு உகந்த வெயில் வினைலுக்கு எமன். கடுமையான தட்பவெப்பத்துக்குக் குறைந்த வருஷக் கணக்கை அதே விவரத்தாளில் தனி மண்டலமாகப் போடும் கம்பெனிகளும் உண்டு. பார்க்க வேண்டிய வரி அதுதான். சாய்ந்த பரப்பு, படுத்த பரப்பு என்றால் அந்தக் கணக்கும் பாதிக்குக் கீழே இறங்கலாம். கடையின் சாய்வான ஷேடு, வேனின் கூரை, பானெட் எல்லாம் அந்தக் கணக்கில் வரும்.

நிறத்துக்கு வருவோம். எல்லா நிறமும் ஒரே வேகத்தில் வெளுப்பதில்லை. கறுப்பில் இருப்பது கரி, வெள்ளையில் இருப்பது டைட்டானியம் டை ஆக்சைடு, நீலத்தில் பெரும்பாலும் தாலோசயனின். மூன்றும் வெயிலுக்குக் கெட்டி. சிவப்பும் மஞ்சளும்தான் நோஞ்சான். சிவப்பு நிறமி சிவப்பை மட்டும் திருப்பி அனுப்பிவிட்டு, வீரியம் மிகுந்த நீல ஒளியையும் புறஊதாவையும் உள்ளே வாங்கிக்கொள்கிறது. மலிவான நிறமி அந்த அடியைத் தாங்காமல் உடைகிறது. பிரிண்ட் எடுத்த போர்டிலும் இதே கதை. வெயிலில் இரண்டு வருஷம் நின்ற பிளெக்ஸைப் பார்த்தால், திறப்பு விழாவுக்கு வந்த பெரிய மனிதர்கள் எல்லோரும் நீலமாகி நிற்பார்கள். மெஜந்தாவும் மஞ்சளும் போய்விட்டன, சயனும் கறுப்பும் மிச்சம். ஃப்ளோரசன்ட் நிறங்கள் இன்னும் மோசம், ஒரு கோடை தாண்டுவதே பெரிய காரியம். ஆகவே ஒரு பிராண்டை எடைபோட வேண்டுமானால் அதன் கறுப்பை வாங்கிப் பார்த்துப் பயனில்லை. அதன் சிவப்பைப் பார்க்க வேண்டும். சிவப்பு நிற்கிற ரோல் என்றால் மற்ற நிறங்களைப் பெரும்பாலும் நம்பலாம்.

எப்படிப் பார்ப்பது? கம்பெனிகளுக்கு மயாமியிலும் அரிசோனா பாலைவனத்திலும் சோதனைத் திடல்கள் இருக்கின்றன. வாரக் கணக்கில் செயற்கை வெயில் அடிக்கும் ஸெனான் விளக்குப் பெட்டிகள் இருக்கின்றன. சிவகாசிக்காரருக்கு மொட்டை மாடி இருக்கிறது. ஒரு அடி அலுமினியத் தகடு, அதில் நான்கைந்து ரோல்களிலிருந்து உள்ளங்கை அகலத் துண்டு. ஒவ்வொன்றின் நடுவிலும் பிளேடால் ஒரு கூட்டல் குறி போல வெட்டிவிட வேண்டும். துண்டின் பாதியை இன்னொரு தகட்டால் மூடி, மேற்குப் பார்த்துச் சாய்த்து வைத்துவிட்டால் போதும். சுருங்கும் வினைல் முதலில் அந்தக் கூட்டல் குறியில்தான் காட்டிக்கொடுக்கும். தலைமுடி மொத்தத்தில் இருந்த வெட்டு வாய் பிளந்து, கீழே தகடு தெரியும். ஐரோப்பிய லேபிள் தொழிலின் ஃபினாட் அமைப்பு வகுத்த சுருக்கச் சோதனையும் தகட்டில் ஒட்டி, வெட்டிச் சூடேற்றிப் பார்ப்பதுதான். ஒராகல் 651-க்கு நீளவாக்கில் 0.4 மில்லிமீட்டருக்கு மேல் சுருங்காது என்று அந்தக் கம்பெனி எழுதித் தருகிறது. மாடியில் காயும் துண்டை ஒரு பள்ளிக்கூட ஸ்கேலாலேயே அளந்துவிடலாம். பங்குனியில் வைத்து ஆவணியில் மூடியை எடுத்தால், மூடிய பாதிக்கும் திறந்த பாதிக்கும் உள்ள நிற வித்தியாசமும் கண்ணுக்கு முன்னால் நிற்கும். விற்பனைப் பிரதிநிதி எவ்வளவு பேசினாலும் அந்தத் தகட்டை எதிர்த்துப் பேச முடியாது.

அவ்வளவு நாள் பொறுக்க முடியாதவர்களுக்குக் கடையிலேயே சில அடையாளங்கள் உண்டு. ஒரு விரல் அகலத் துண்டை உரித்து ஹேர் டிரையரைக் காட்டினால் மட்டமான ரகம் ஓரம் சுருண்டு கைக்குள் குறுகும். காஸ்ட் தளர்ந்து தொங்கும், சுருங்காது. இதை லைட்டரைக் கொளுத்திச் செய்து காட்டுபவர்களும் உண்டு. கிட்டங்கியும் கடையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற இந்த ஊரில் அந்த வழக்கமே வேண்டாம்.

இன்னும் நல்ல சோதனை, எழுத்து வெட்டும் மெஷினான பிளாட்டர் வேலையை முடித்த பிறகு நடக்கிறது. வேண்டாத பகுதியை உரித்தெடுக்கும் வேலையைக் கடைப் பையன்கள் "வேஸ்ட் எடுக்கிறது" என்பார்கள். ஒரு முனையை ஊசியால் கிளப்பி, பேக் பேப்பரோடு ஒட்டினாற்போல் மடக்கி இழுக்க வேண்டும். நல்ல வினைலில் அது ஒரே நாடாவாக வரும், ‘ஃ’-ன் மூன்று புள்ளியும் ‘இ’-யின் சுழியும் இருந்த இடத்தில் அசையாமல் நிற்கும். மட்டமான ரோலில் நாடா பாதியில் அறுந்துபோகும், புள்ளி கூடவே கிளம்பி வரும். அல்லது வெட்டிய இடத்தில் கம் கசிந்து மறுபடி ஒட்டிக்கொண்டு நூல் நூலாக இழுக்கும். பேக் பேப்பரின் சிலிக்கான் பூச்சு ஒரே சீராக இல்லாவிட்டால் ஓரிடத்தில் லேசாகவும் ஓரிடத்தில் இறுக்கமாகவும் வரும். பேப்பரே மெல்லிசு என்றால் பிளேடு அதையும் கீறிவிடும். ஆங்கில எழுத்தைவிடத் தமிழ் எழுத்து இந்தச் சோதனையைக் கடுமையாக நடத்தும், ஏனென்றால் அதில் வளைவும் சுழியும் அதிகம். ‘ணை’யும் ‘ஞூ’வும் சின்ன அளவில் சுத்தமாக வெட்டி வருகிற வினைலைத் தைரியமாக வாங்கலாம். 1983-ல் அமெரிக்காவில் ஜெர்பர் நிறுவனம் கம்ப்யூட்டரில் எழுத்து வெட்டும் சைன்மேக்கர் மெஷினைக் கொண்டுவந்தபோது அது வெட்டியது ரோமன் எழுத்துகளை. நம் ‘ஞூ’ அதற்குக் கனவிலும் வந்திருக்காது.

பழைய சரக்கையும் கவனிக்க வேண்டும். வினைல் ரோலுக்கு ஆயுள் உண்டு. பிரிக்காத உறையில், 20 டிகிரி வெப்பத்தில், பாதி ஈரப்பதத்தில் இரண்டு வருஷம் என்று நல்ல கம்பெனிகள் சொல்கின்றன. சிவகாசியில் தகரக் கூரை கிட்டங்கியில் மே மாதத்தைக் கழித்த ரோலுக்கு அந்தக் கணக்கு செல்லாது. ரோலின் ஓரத்தில் கம் பிசுபிசுத்துத் தூசி ஒட்டியிருந்தால், எவ்வளவு பெரிய பிராண்டாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

வினைல் மேல் பழி போடுவதற்கு முன்னால் ஒட்டிய விதத்தையும் பார்க்க வேண்டும். ஈகோ சால்வன்ட் மையில் பிரிண்ட் எடுத்துச் சூட்டோடு சூடாக லேமினேஷன் போட்டால் உள்ளே மாட்டிய கரைப்பான் கம்மைக் கெடுக்கும். ஒரு நாளாவது ஆறவிட வேண்டும். சுண்ணாம்புச் சுவரில் எந்த பிராண்டும் நிற்காது, சுண்ணாம்புப் பொடியோடு சேர்ந்து உரிந்துவரும். சன்போர்டிலோ அலுமினியத்திலோ ஒட்டித்தான் சுவரில் மாட்ட வேண்டும். புதிதாகப் பெயின்ட் அடித்த ஷட்டரை ஒரு வாரம் காயவிடாமல் ஒட்டினால் கொப்புளம் வரும். மதியம் இரண்டு மணிக்குக் கொதிக்கும் தகட்டில் ஒட்டப்போனால் தொட்ட இடத்திலேயே கம் பிடித்துக்கொள்ளும், படலம் இழுபட்டுப் போகும், இழுபட்டது பின்னால் சுருங்கும். விடிகாலையில் ஒட்டுவது நல்லது. ஒட்டிய கம் முழுப் பிடிமானத்துக்கு வர ஒரு நாளாவது ஆகும். ஒட்டிய மறு நிமிஷமே நகத்தால் கிளப்பிப் பார்த்துக் "கம் பிடிக்கல" என்பது வினைலுக்குச் செய்யும் அநியாயம்.

இனிச் சிவகாசிக்கே உரிய விஷயம். பேக் பேப்பரிலிருந்து வினைலை உரிக்கும்போது கையிலுள்ள முடி சிலிர்ப்பதை ஸ்டிக்கர் ஒட்டிய எல்லோரும் கவனித்திருப்பார்கள். தரையில் கிடக்கும் நூலும் தூசியும் பாய்ந்துவந்து ஒட்டும். இரண்டு பரப்புகள் பிரியும்போது பிறக்கும் நிலைமின்சாரம் அது. காற்று எவ்வளவு வறண்டிருக்கிறதோ அவ்வளவு சேரும். கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-ல் சாதாரண ஒட்டுநாடாவை வெற்றிடத்தில் உரித்து, அதிலிருந்து எக்ஸ்-கதிரே வருவதை ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். ஒரு நாடாவை உரிப்பதில் அத்தனை மின்னழுத்தம் பிறக்கிறது. பட்டாசு ஆலையில் தொழிலாளர்களைப் பருத்தித் துணி உடுத்தச் சொல்வதும், நைலானும் பாலியெஸ்டரும் கூடாது என்பதும், அறை வாசலில் உலோகத் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே போகச் சொல்வதும் இந்த மின்சாரத்துக்குப் பயந்துதான். வெடிமருந்துக் கலவைக்கு ஒரு சின்னப் பொறி போதும்.

அப்படியிருக்க, மருந்து புழங்கும் அறை வாசலில் நின்று இரண்டடி வினைலைப் பேக் பேப்பரிலிருந்து சர்ரென்று இழுப்பது எவ்வளவு பெரிய தப்பு என்று யோசிக்க வேண்டும். ஸ்டிக்கர் கடைப் பையனுக்கு இதை யாரும் சொல்லித்தருவதில்லை. அவன் ஜவுளிக்கடைக் கண்ணாடியில் ஒட்டுவது போலவே இங்கேயும் ஒட்ட வருவான், பாலியெஸ்டர் சட்டையோடு. ஆலைக்கான பலகை எதுவானாலும் கடையிலேயே தகட்டில் ஒட்டி முடித்து, பலகையாக எடுத்துப்போய், வேலை நடக்காத நாளில் மாட்டுவதுதான் முறை. அறைக்குள் எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து இருக்கலாம் என்ற வரம்பைச் சுவரிலேயே பெயின்டால் எழுதும் பழக்கம் இந்தப் பகுதி ஆலைகளில் இருப்பதும் நல்லதுக்குத்தான். வெடிபொருள் விதிகள் 2008-ன் கீழ் உரிமம் வாங்கிய ஆலையில் அந்த வரம்பு விளையாட்டுச் சமாசாரம் இல்லை. அதைத் தாண்டியதால் வந்த உயிரிழப்புகளை விருதுநகர் மாவட்டம் பலமுறை பார்த்திருக்கிறது. எழுத்துக் கலைஞரின் பிரஷ்ஷைப் பிளெக்ஸும் பிளாட்டரும் ஊருக்குள் ஓரங்கட்டிவிட்டன. மருந்து அறை வாசலில் இன்றும் அந்தப் பிரஷ்தான் பத்திரமான கருவி.

வினைலுக்கு வேலை ஆலையின் வெளிவட்டத்தில் இருக்கிறது. வாசல் கேட், வேலி, வண்டி நிறுத்துமிடம், கடைகள், லாரிகள். அங்கேதான் சிவப்பு வெளுக்காமல் இருக்க வேண்டும். 2012 செப்டம்பர் 5-ல் சிவகாசி அருகே முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் நடந்த வெடிவிபத்தில் இறந்தவர்களில் ஆலைத் தொழிலாளர்கள் மட்டும் இல்லை. புகையைப் பார்த்து ஓடிவந்த அக்கம்பக்கத்து மனிதர்களும் இருந்தார்கள். வெளியில் நிற்பவருக்கு இது எப்படிப்பட்ட இடம், எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்று சொல்லவேண்டியவை இந்தப் பலகைகள். பாதுகாப்பு நிறங்களுக்கு இந்தியத் தர நிர்ணயத்தில் ஐஎஸ் 9457 என்று தனி நெறியே உண்டு. தடைக்குச் சிவப்பு, எச்சரிக்கைக்கு மஞ்சள், கட்டாயத்துக்கு நீலம், பாதுகாப்பான வழிக்குப் பச்சை. வெயிலில் முதலில் போகிற இரண்டு நிறங்களும் தடையும் எச்சரிக்கையுமாக அமைந்துவிட்டதுதான் கஷ்டம். ஆலை முதலாளி ஒருவர் பலகைக்கு ஆர்டர் கொடுக்கும்போது, சதுர அடி என்ன விலை என்பதற்கு முன்னால் இந்த இரண்டு நிறமும் எந்த ரகத்தில் வரும் என்று கேட்டால், போர்டு கடைக்காரரும் அலமாரியின் வேறு தட்டுக்குக் கையை நீட்டுவார்.

லாரியில் ஒட்டும் ஆரஞ்சு நிறச் சாய்சதுர வில்லையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஐ.நா. வகைப்பாட்டில் வெடிபொருள் முதல் வகுப்பு, பட்டாசுகள் 1.1ஜி-யிலிருந்து 1.4 வரை பிரிவுகளில் வரும். பெட்டிக்கு 100 மில்லிமீட்டர் லேபிள், வண்டிக்கும் கன்டெய்னருக்கும் 250 மில்லிமீட்டர். கப்பலில் போகும் சரக்கு என்றால், கடலில் மூன்று மாதம் மூழ்கிக் கிடந்தாலும் அந்த லேபிள் அடையாளம் தெரிய வேண்டும் என்று சர்வதேசக் கடல்வழி ஆபத்துச் சரக்கு நெறி சொல்கிறது. அதைச் சோதிக்க பிஎஸ் 5609 என்று ஒரு பிரிட்டிஷ் தரம் இருக்கிறது. அதன் ஒரு பகுதி வினைலையும் கம்மையும் உப்புநீரில் பார்க்கிறது, இன்னொரு பகுதி அச்சைப் பார்க்கிறது. மை நன்றாக இருந்து கம் விட்டுப்போனாலும் தோல்வி, கம் நின்று மை கரைந்தாலும் தோல்வி. பிராண்டை எடைபோடுவதற்கு இதைவிடத் தெளிவான அளவுகோல் கிடைக்காது. ஒரு லேபிளுக்குக் கடல் இவ்வளவு கறார் காட்டும்போது, சிவகாசி வெயிலும் கொஞ்சம் கறாராக இருக்கட்டுமே.

இரவில் லாரிக்குப் பின்னால் வருபவருக்கு ஒளியைத் திருப்பிக் காட்டும் பட்டை தனி விஷயம். முன்னால் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள், பின்னால் சிவப்பு என்பது மோட்டார் வாகன விதி. மின்னுகிற மாதிரி இருக்கும் சாதாரணப் பளபளப்பு நாடாவை ஒட்டி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். கடையில் விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பத்தடி தள்ளி நின்று பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். உண்மையான பட்டை விளக்குப் போட்ட மாதிரி எரியும், போலி இருட்டிலேயே நிற்கும்.

கடைசியாக ஒரு சின்னப் பழக்கம். போர்டு கொடுக்கும்போது பின்பக்கத்தில் மூன்று விவரம் எழுதிக் கொடுக்கச் சொல்லிக் கேட்கலாம்: ஒட்டிய தேதி, வினைலின் கம்பெனியும் ரக நம்பரும், ரோல் நம்பர். நல்ல ரோலின் உறையிலோ உள்குழாயிலோ இவை இருக்கும். இல்லை என்று சொல்லும் கடையில் அந்த ரோல் எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். ஐந்து வருஷம் கழித்து சிவப்பு நின்றால் அதே நம்பரை மறுபடி வாங்கலாம், வெளுத்தால் அந்த நம்பரை விட்டுவிடலாம். மார்க்கர் பேனாவால் எழுதினால் அதுவும் வெளிச்சம் பட்டு அழிந்துபோகும். அலுமினியத்தின் முதுகில் ஆணியால் கீறி எழுதச் சொல்லுங்கள்.